கழுத்தில் உடைந்தவை

முப்பது வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு, வீட்டில் ஒரு மாதம்கூடச் சும்மா இருக்க முடியவில்லை. அக்காவின் கணவர் நடத்திய கண்ணாடிப் பட்டறையில் சரக்கைச் சரிபார்க்கும் வேலைக்குப் போனார். அங்கே எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா.

முதல் நாளே, தண்டு வைத்த கோப்பைகள் நாற்பதை ஒதுக்கிவிட்டார். கண்ணாடி ஊதுகிறவர் விறுவிறுவென்று வந்தார். ஊதி ஊதிக் கன்னம் உப்பிப்போனதால் அவரை ‘பலூன்’ என்பார்கள்.

“என்னம்மா, ஒண்ணு விடாம கழிச்சிட்டீங்க?”

“எல்லாத்துக்கும் அடியில தழும்பு இருக்கே, அண்ணே.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உலைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். கோப்பையின் அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்துக்கொண்டுதான் வாயைச் சூடாக்கி வளைக்கிறார்கள். முடிந்ததும் லேசாக ஒரு தட்டு. கம்பி விடுபட்டுவிடும், வடு நிற்கும்.

“அப்ப இது தொப்புள். சொல்ல வேண்டியதுதானே!”

அதுவரை சேத நோட்டில் ‘உடைந்தது’ என்று மட்டும்தான் எழுதினார்கள். எங்கே உடைந்தது என்று தெரியாமல் நர்ஸம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோப்பையின் ஒவ்வொரு பாகத்துக்கும் அவரே பெயர் வைத்தார். மேல்விளிம்பு வாய், குடிப்பதை ஊற்றும் இடம் வயிறு, மெலிந்த தண்டு கால், தண்டின் நடுவே உள்ள உருண்டை முட்டி, மேசையில் நிற்கும் வட்டம் பாதம். வயிறும் காலும் சேருமிடம் கழுத்து.

“வயித்துக்குக் கீழ கழுத்தா? இது எந்த ஊரு உடம்பும்மா?” என்றார் பலூன்.

“எழுதினா புரியுதில்ல?”

இரண்டு மாதத்தில் உடைந்தவை நாற்பத்து நான்கு. அதில் முப்பத்தொன்று கழுத்து. ஏன்? பலூன் ஒட்டுமிடத்தை இன்னும் நன்றாகச் சூடாக்கிப் பார்த்தார். பலனில்லை. ஆறவைக்கும் அடுப்பில் எந்தக் கோப்பை எங்கே இருந்தது என்று நர்ஸம்மா குறித்துப் பார்த்தார். உடைந்தவை எல்லாமே கதவோரத்து வரிசை.

அடுப்புக்கு எதிரே மூன்று நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள், யாரோ வாடிக்கையாளரை அழைத்துவந்த முதலாளி, “பாருங்க, எப்படி மின்னுது!” என்று கதவைத் திறந்தார். அவர்கள் போன பிறகும், ஆசை அடங்காமல் தானே ஒருமுறை திறந்து எட்டிப் பார்த்தார். ஒரு நாள் முழுக்க மெல்ல ஆற வேண்டிய கண்ணாடிமேல் குளிர்காற்று பாய்ந்தது.

“அத்தான், கழுத்த முறிக்கிறது நீங்கதான்.”

“நானா? சும்மா பார்த்தேன்மா!”

“தூங்குற குழந்தைய எழுப்பி, தூங்குதான்னு பார்ப்பீங்களா?”

அவர் அசடு வழிந்தபடி கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை நர்ஸம்மா கையிலேயே கொடுத்தார்.

அடுத்த மாதம் கழுத்து நான்குதான். ஆனால் பாதம் ஒன்பதாக ஏறியிருந்தது. அது ஏன்? நர்ஸம்மா பேனாவை மூடிவிட்டு, பெட்டி கட்டும் அறைப்பக்கம் நடந்தார்.