சகலை வெட்டிய முத்திரைகள்

என் சகலைக்கும் எனக்கும் பேச்சு நின்று மூன்று வருடம் ஆகிறது. அவர் திருப்பதியில், நான் சித்தூரில். இருவரும் பெண் எடுத்தது நகரியில் பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்த ஒரே வீட்டில். அவருக்கு மூத்தவள், எனக்கு இளையவள். அதைத் தவிர எங்களுக்குள் பொதுவாக எதுவும் கிடையாது என்பது என் எண்ணம். அவரோ, "நாங்க ரெண்டு பேரும் ஸ்டாம்ப் சேக்கறவங்க" என்று கல்யாண வீடுகளில் சொல்வார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

நான் ஸ்டாம்ப் சேர்ப்பவன் இல்லை. ஒரு கல்லூரி அலுவலகத்தில் வருகிற தபாலைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. வங்கிகளிலிருந்தும் கம்பெனிகளிலிருந்தும் வரும் உறைகளில் பெரும்பாலும் ஸ்டாம்ப் இருக்காது. அதற்குப் பதில் பிராங்கிங் மெஷின் சிவப்பு மையில் ஒரு முத்திரை குத்தியிருக்கும். வலது பக்கக் கட்டத்தில் ரூபாயும் மெஷினின் எண்ணும். அதை ஒட்டி ஊரும் தேதியும் உள்ள வட்டம். சிலவற்றில் இன்னும் இடதுபுறம் கம்பெனியின் விளம்பரம். இதெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு முத்திரை. நான் அவற்றை உறையோடு, சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு வெட்டி வைப்பேன். பலமனேர் பால் கம்பெனி ஒன்றின் முத்திரையில் ஒரு பசு உண்டு. மெஷின் தேயத் தேய அதற்கு ஒரு கால் மறைந்தது, பிறகு இன்னொன்று. அந்தப் பசு எட்டு வருடத்தில் நொண்டியானதை நான் வரிசையாக வைத்திருந்தேன்.

சகலை வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் காலத்து ஸ்டாம்புகளைக் கண்ணாடித் தாளில் போட்டு வைத்திருப்பார். யாரையும் தொட விடமாட்டார். என்னைக் கண்டால், "இன்னா சகல, குப்பக்கூட எல்லாம் கிளறி முடிச்சிட்டியா?" என்பார். நான் பக்கத்தில் கிடக்கும் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வேன். வெறுப்புக்குப் பேச்சு தேவையில்லை என்று அப்போதே தெரிந்து வைத்திருந்தேன்.

திருப்பதியில் ஸ்டாம்ப் கண்காட்சி ஒன்று வந்தது. அதை நடத்துகிறவர்களில் அவரும் ஒருவர். கடைசி நேரத்தில் ஒருவர் வராமல்போய் ஒரு காட்சிப் பலகை காலியாகிவிட்டது. அவர் என்னிடம் கேட்கவில்லை. அவர் மனைவி என் மனைவிக்குப் போன் செய்து என் முத்திரை ஆல்பங்களைக் கேட்டாள்.

"அக்கா அவ்ளோ கெஞ்சிக்கினு கீது. ஒரு பத்து நாளைக்குக் குடுத்தா இன்னா கொறஞ்சிடும்?" என்றாள் என் மனைவி.

"அந்த ஆளு கையில குடுக்கறதுக்குக் கெணத்துல போடலாம்."

இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் இரண்டு ஆல்பத்தையும் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சகலை வாசலிலேயே வாங்கிக்கொண்டார். "எதையும் பிரிக்காதீங்க, அப்படியே பக்கத்த மாட்டுங்க" என்றேன். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார்.

கண்காட்சியன்று காலையில் போனேன். என் பலகையை நானே தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோதுதான் புரிந்தது. ரூபாய்க் கட்டத்தை மட்டும் ஓரம் ஒட்ட நறுக்கி, ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாம்ப் அளவில், மதிப்பு வாரியாக அடுக்கியிருந்தார். ஊர் இல்லை, தேதி இல்லை, விளம்பரம் இல்லை. பசு இல்லை. மேலே அவர் பெயர்.

அவர் பக்கத்துப் பலகையருகே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

"பாக்க லட்சணமா கீதில்ல? உன்கிட்ட இருந்தப்போ கந்தல் மாதிரி இருந்துச்சி."

"வெட்டுன மிச்சம் எங்க?"

"பேப்பர்தானே? குப்ப வண்டியில போயிடுச்சி."

அப்போது நடுவர் அம்மாள் வந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "எந்துகண்டி இலா கட் சேசாரு?" என்று தெலுங்கில் கேட்டார். ஏன் இப்படி வெட்டினீர்கள் என்ற அந்தக் கேள்வியில் உண்மையான வருத்தம் இருந்தது.

சகலை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என்னைக் காட்டி, "இவரு கலெக்‌ஷன் மேடம். இப்படித்தான் வெட்டிக் குடுத்தாரு. நான் மாட்டினேன், அவ்ளோதான்" என்றார்.

அதுவரை நான் அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டிருந்தேன்.

"டேய்," என்றேன். கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "நீ வெட்டிட்டு எம்மேல போடறியா? அப்புறம் எதுக்கு மேல உன் பேரு?"

நடுவர் பலகையின் மேலிருந்த பெயரைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார். தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தார். சகலையின் முகம் வெளுத்துவிட்டது. நான் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். உதறியதில் காபி அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. வேண்டுமென்று செய்தேனா என்று மனைவி பலமுறை கேட்டுவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து துண்டுகளை மேசைமேல் கொட்டினேன். எல்லாம் ஒரே சிவப்புக் கட்டங்கள். மெஷின் எண்ணை வைத்துச் சிலவற்றின் ஊரைக் கண்டுபிடிக்க முடிந்தது. தேதியை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அந்த மெஷின்களில் பாதி இன்று ஓடவில்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்.

அவர் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மனைவி தனியாகப் போய்விட்டு வந்து, "எல்லாரும் கேட்டாங்க. மாமா மட்டும் கேக்கல" என்றாள். மாமனார் போன பிறகும் எனக்கு நகரி வீட்டில் உட்கார ஒரு இடம் இருந்தது. அதுவும் போயிற்று. மன்னிப்புக் கேட்டால் போவேன் என்றேன். வயசில் பெரியவர் எப்படிக் கேட்பார் என்றாள். அப்படியானால் வேண்டாம் என்றேன்.

போன மாதம் திருப்பதியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டி வந்தது. கடிதம் இல்லை. உள்ளே பழைய வங்கி உறைகள், நூறுக்கு மேல் இருக்கும். முழு உறைகள், மூலைகூட மடங்காதவை. குப்பம், சாந்திபுரம் என்று ஊர்கள், நான் பார்த்தேயிராத மெஷின் எண்கள். சகலை வங்கி வேலையில் இருந்த காலத்திலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும். என்னைக் குப்பை பொறுக்குகிறவன் என்று சொல்லிக்கொண்டே அவரும் பொறுக்கியிருக்கிறார். எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகப் பிரித்து ஊர்வாரியாக அடுக்கினேன். மனைவி போனைக் கையால் பொத்திக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பெட்டி வந்து சேந்துச்சான்னு அக்கா கேக்குது. மாமா பக்கத்துல கீறாராம். பேசறியா?"

"சேந்துச்சின்னு சொல்லு," என்றேன். உறைகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போனை வாங்கவும் இல்லை.