லாரிச் சூடு

எனக்குப் பிள்ளை பிறக்காததற்கு என் மாமியார் கண்டுபிடித்த காரணம், நான் ராசி கெட்டவள் என்பது. உண்மையான காரணம் அவள் பெற்ற மகன். அவன் உயிரோடு இருந்தவரை 'அவங்க' என்றுதான் சொல்லி வந்தேன். எழுதும்போதாவது 'அவன்' என்று எழுதிக்கொள்கிறேன், யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

வெள்ளைக்காரன் காலம். மலாய் நாட்டில், காஜா பெராங் என்ற இடத்தில் குடியிருந்தோம். என் புருஷன் ஜாலான் பெண்டஹாரா என்ற கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தான். சரக்கு எடுக்க முதலாளி அவனைச் சிங்கப்பூருக்கு அனுப்புவார். கல்யாணமான முதல் வருஷம் அப்படிப் போய் வந்தவனுக்குச் சில நாளில் ஒன்றுக்குப் போனால் எரிச்சல். இடுப்பில் கட்டும் சாரத்தில் மஞ்சளாகச் சீழ்க் கறை. துவைத்தவள் நான், எனக்குத் தெரியாதா?

"லாரியில இன்ஜின் பக்கத்துல உக்காந்து வந்தேன்மா. சூடு புடிச்சிருச்சு," என்றான் தாயிடம்.

அவளும் நம்பினாள். காலையில் இளநீர், மத்தியானம் ஊறவைத்த வெந்தயம், சனிக்கிழமை தலை நிறைய நல்லெண்ணெய். கொஞ்ச நாளில் எரிச்சல் நின்றது, கறையும் நின்றது. "சூடு எறங்கிருச்சு" என்று மாமியார் அக்கம்பக்கமெல்லாம் பெருமை பேசினாள். அன்று சாயங்காலமே மகன் நெற்றியில் சந்தனம் பூசி என் அறைக்கு அனுப்பி வைத்தாள்.

சூடு எங்கே இறங்கியது என்பது எனக்குத்தான் தெரியும். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு அடிவயிற்றில் வலி, விட்டுவிட்டுக் காய்ச்சல். வருஷங்கள் போயின, வயிறு மட்டும் திறக்கவில்லை. மலடி என்ற சொல்லை மாமியார் முதலில் முணுமுணுத்தாள். பிறகு மீன் விற்க வருகிறவனிடம்கூடச் சொன்னாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

வலி பொறுக்க முடியாமல் ஒரு நாள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தார். தமிழ் தெரியாது, மலாய் பேசுவார். சோதித்துப் பார்த்தார். கண்ணாடித் துண்டில் எதையோ தடவி உள்ளே எடுத்துப் போனார். திரும்பி வந்து, "லாக்கி புஞ்ஞா சாக்கிட்" என்றார். புருஷனுடைய நோய்.

பிறகு பொறுமையாக விளக்கினார். நம் ஆட்கள் வெட்டை என்று சொல்வது இதைத்தான். உடம்புச் சூட்டால் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமி, நோயுள்ளவரோடு படுத்தால் ஒட்டிக்கொள்ளும். ஆணுக்கு எரியும், சீழ் வரும். பெண்ணுக்கு வெளியே ஒன்றும் காட்டாமலே உள்ளே கர்ப்பக் குழாயை அடைத்துவிடும். எரிச்சல் நின்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. இருவரும் சேர்ந்து வைத்தியம் பார்க்க வேண்டும். உனக்குப் பிள்ளை பிறப்பது சந்தேகம்தான் என்பதைக் கடைசியில், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அவனிடம் சொன்னேன். கன்னத்தில் ஒன்று விட்டான். "எனக்கு எப்பவோ நல்லாயிருச்சு. ஒனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீதான் சொல்லணும்," என்றான். அன்றைக்குத்தான் என் மனசு கல்லானது. அழுகைகூட வரவில்லை.

அடுத்த மாதமே அவனுக்கு இரண்டாம் பெண் பார்த்துவிட்டார்கள். புக்கிட் பாரு பக்கம் ரப்பர் தோட்டத்துக் கங்காணியின் மகள். பதினேழு வயது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவள் உயிரோடு இருக்கும்போது இளையவளைக் கட்டினால், பரிசத் தட்டை மூத்தவளே தன் கையால் எடுத்துப் பெண்ணின் தாய்க்குக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பெண் வீட்டார் வாங்கமாட்டார்கள்.

பரிசம் போடப் போன அன்று மாமியார் எனக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டாள். நானும் நல்ல பிள்ளையாகக் கட்டிக்கொண்டேன். பெண்ணின் தாய் கையை நீட்டினாள். நான் தட்டை நீட்டினேன், ஆனால் விடவில்லை.

"அம்மா, இவங்களுக்கு வெட்டை நோய் இருக்கு. எனக்குக் குடுத்துட்டாங்க. அதனாலதான் எனக்குப் பிள்ளை இல்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒங்க மகளுக்கும் இதத்தான் குடுப்பாங்க."

மாமியார் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்குப் பைத்தியம் என்று சொல்லி முடித்திருப்பார்கள். அவளால் முடியுமா? அவளுடைய வைத்தியத்தையல்லவா நான் குறை சொல்லிவிட்டேன்!

"வெட்டையாவது மண்ணாவது! அது லாரிச் சூடு! சிங்கப்பூர் போயிட்டு வந்தப்ப புடிச்சது. சாரமெல்லாம் சீழு. நாந்தான் இளநி குடுத்து நிப்பாட்டுனேன்!"

பெண்ணின் தாய் கையை இழுத்துக்கொண்டாள். கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார்.

"எங்க தோட்டத்து லயத்துலயும் லாரிச் சூடு வரும்மா. சம்பளம் வாங்கி டவுனுக்குப் போனவனுக்கு மட்டுந்தான் வரும்," என்றார்.

அந்தப் பெண் தப்பித்தாள். சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன். ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷம் என் புருஷன் முகத்தைப் பார்த்ததில்தான் இருந்தது. ஒரு வாரத்துக்குள் ஜாலான் பெண்டஹாரா முழுக்கப் பரவிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் சேலையைப் புரட்டிக்கொண்டே, "என்ன தம்பி, இந்தச் சரக்கும் லாரியிலதான் வந்துச்சா?" என்று கேட்பார்களாம். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றுவேன்.

வேறு யாரும் பெண் கொடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வர ஒத்துக்கொண்டான். அந்தக் காலத்தில் அதற்கு நல்ல மருந்து கிடையாது. ஊதா நிற மருந்துத் தண்ணீரைக் குழாய் வைத்து உள்ளே செலுத்திக் கழுவுவார்கள், பல வாரம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அவன் கத்துவது கேட்டது. காதைப் பொத்திக்கொள்ளவில்லை. நன்றாகக் கேட்கட்டும் என்று கதவுப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

கடைசி நாள் வெளியே வந்தவன் என் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தான். கல்யாணமானதிலிருந்து அவ்வளவு தணிவாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

"கிருமி போயிருச்சாம். இனிமே நமக்கு ஒரு புள்ள பொறக்கும்ல?"

"ஒங்களுக்குப் பொறக்கும்னு சொன்னாங்க," என்றேன். "எனக்குப் பொறக்காதாம். நேத்துதான் முடிவாச் சொன்னாங்க."

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நான் வாசலுக்குப் போய் ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டேன், எனக்கு மட்டும்.