நாலாம் அறையும் முத்துராணியின் புறங்கையும்

முத்துராணி இடது புறங்கையை வார்மரின் அடியில் நீட்டி வைத்துக்கொண்டுதான் வலது கையால் பொத்தானை அழுத்துவாள். திரையில் முப்பத்தாறரை என்று எண் வந்து நிற்கும். அதை அவள் ஏறிட்டும் பார்க்க மாட்டாள். புறங்கையை அப்படியே வைத்தபடி, உதட்டுக்குள் நூறு வரை எண்ணுவாள். "எண்ணு பொய் சொல்லும் அண்ணாச்சி. தோலு சொல்லாது" என்பாள். அந்தக் கையில் பழைய சோதனைகளில் சுட்டுக்கொண்ட தழும்புகள் இரண்டு இருக்கின்றன.

டவுணில், தெற்கு ரத வீதியை ஒட்டிய ஒரு சந்துக் கட்டடம் அது. கீழே நான் புரூஃப் பார்க்கும் அச்சகம். மாடியில் சிவசண்முகத்தின் கம்பெனி. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் படுக்க வைத்து, மேலேயிருந்து இதமாகச் சூடு காட்டும் தொட்டிலுக்கு வார்மர் என்று பெயர். அதை ஆட்டுவிக்கும் மின்பலகையை இங்கே செய்கிறார்கள். அந்தப் பலகைக்குள் ஓடுகிற நிரல் முழுவதும் முத்துராணி எழுதியது.

இவளைப் போல் பயந்த பிறவியை நான் பார்த்ததில்லை. எழுதியதை மூன்று பென்டிரைவில் ஏற்றி, ஒன்றை வீட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். போன் அடித்தால், எடுக்கும் முன்பே "ஆஸ்பத்திரியா?" என்று கேட்பாள். எல்லாம் ஒழுங்காக ஓடினாலோ இன்னும் மோசம். "ஓடுதே, ஏன் ஓடுதுன்னு தெரியலையே" என்று முழிப்பாள். மணிமுத்தாறுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுத்தை நடமாடும் பாதையில் பள்ளிக்கூடம் போனவள்தான். அதற்கெல்லாம் பயந்ததில்லையாம். பயந்ததெல்லாம் ஓர் ஏழு வரிக்கு.

நிரல் பெரும்பாலும் சி என்ற கணினி மொழியில் இருக்கும். படித்தவர்கள் பார்த்தால் புரிந்துவிடும். நடுவே அந்த ஏழு வரி மட்டும் அசெம்பிளி, சில்லுக்கு நேராகக் கட்டளை இடுகிற பாஷை. குழந்தையின் தோலில் ஒட்டிச் சூடு பார்க்கும் சென்சரிடம் மைக்ரோ விநாடி பிசகாமல் பேசவேண்டும் என்பதற்காக, வேலைக்கு வந்த புதிதில் அவளே எழுதியது. பெயர் கிடையாது, விளக்கம் கிடையாது, வெறும் எண்களும் குறிகளும். "திமிருல எழுதுனேன் அண்ணாச்சி. ஒருத்தனுக்கும் புரியக்கூடாதுன்னே எழுதுனேன். இப்போ எனக்கே புரியல."

அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக ஒரு விதி வைத்திருக்கிறாள். அசெம்பிளி எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தமிழில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அதை இந்தத் தொழிலே தெரியாத ஒருவர் படித்து, புரிகிறது என்று சொல்ல வேண்டும். அந்தத் தொழில் தெரியாத ஆள் நான். முணுமுணுத்துக்கொண்டே மாடிப்படி ஏறுவேன்.

அன்று மத்தியானமும் அப்படித்தான் கூப்பிட்டாள். பழைய ஏழு வரிக்கும் தமிழ் எழுதி, அச்செடுத்து வைத்திருந்தாள். "ஆறு வருசமா ஓடுது. ஓடுததைப் போய் ஏம்மா தொடுதே?" என்று சிவசண்முகம் சலித்துக்கொண்டார். எனக்கும் சாப்பிட்ட மயக்கம். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் எனக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். சில்லுக்குள் அஞ்சறைப் பெட்டி மாதிரி அறைகள் இருக்கும். எதை எந்த அறையில் வைப்பது என்பதை, நிரலைச் சில்லின் பாஷைக்கு மாற்றும் கம்பைலர் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அசெம்பிளி எழுதுகிறவர் தான் கை வைத்த அறைகளை அடியில் பட்டியல் போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் அங்கே யாரும் தொடவில்லை என்று கம்பைலர் நம்பிவிடும்.

நட்சத்திரக் குறி மேலே இருக்கிறதா, அடிக்குறிப்பு கீழே இருக்கிறதா என்று ஒத்துப் பார்த்தே தேய்ந்த கண் என்னுடையது. படித்து முடித்தேன்.

"எல்லாம் புரியுது தாயி. ஆனா உள்ள மூணு அறை வருது. கீழ ரெண்டுதான் கிடக்கு. நாலாம் அறையில எண்ணிக்கைய வைன்னு எழுதியிருக்கியே, அது கீழ எங்க?"

அவள் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். புதிதாகப் போட்ட கம்பைலர் அறைகளைப் பிரித்து வைத்த பட்டியலைக் கம்ப்யூட்டரில் திறந்து, விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"உச்ச வரம்பு" என்றாள். "இதுக்கு மேல சூடு போனா அணைச்சிரணும்ங்கிற எண்ணு. பழைய கம்பைலர் நாலாம் அறைய காலியா விட்டிருக்கு. அதான் இத்தன வருசம் தப்பிச்சிருக்கோம். புதுசு உச்ச வரம்பக் கொண்டுபோய் அங்கன வச்சிருக்கு. என் எண்ணிக்கை அது மேல போய் விழும். அப்புறம் எவ்வளவு சூடானாலும் அணையாது."

"சூடு மிஞ்சினா தானே அணைக்கிறதுக்குத் தனியா ஒரு கட்-ஆஃப் இருக்குல்லா?" என்றார் சிவசண்முகம்.

"அது ஒரு தடவையாவது வேலை செஞ்சு நீங்க பாத்திருக்கீங்களா சார்?"

புதுக் கம்பைலரில் செய்தது எத்தனை வார்மரில் போயிருக்கிறது என்று நான்தான் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுல. நேத்து எந் தங்கச்சி ஆறுமுகத்தாயை வலின்னு ஆஸ்பத்திரியில சேத்தாங்க. ஏழாம் மாசம். அவ பிள்ளைக்குப் பழசு வேண்டாம், புதுசுதான் நல்லதுன்னு நானே போயி ஏத்துனேன் அண்ணாச்சி. காலையில பிள்ள பொறந்தாச்சு. அதுலதான் கிடக்கு."

அந்த ஏழு வரி சென்சரை ஒட்டும்போது மட்டும்தான் ஓடும், முதல் தடவை உச்ச வரம்பு அறைக்குள் வருமுன்னே ஓடியிருக்கும், இனி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டினால்தான் ஆபத்து என்றாள். மூன்று மணிக்கு உடம்பு துடைப்பார்கள், அப்போது எடுத்து ஒட்டுவார்கள். மணி அப்போது இரண்டு இருபத்தைந்து. ஆஸ்பத்திரி எண்ணை சிவசண்முகம் போட்டுப் போட்டுப் பார்த்தார். யாரும் எடுக்கவில்லை. தங்கையின் போன் அணைந்து கிடந்தது.

விட்டுப்போன நாலாம் அறையைக் கீழே சேர்த்து, மறுபடி கம்பைல் செய்து, லேப்டாப்பை மூடாமலே மார்போடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நானும் ஏறினேன். பாளையங்கோட்டைக்கு ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தில் வண்டி நகரவில்லை. "அந்தப் பிள்ள அழக்கூடச் செய்யாது அண்ணாச்சி. அதுக்கு அழத் தெம்பு கிடையாது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கும்பிடாத சாமி இல்லை.

வார்டுக்குள் நுழையும்போது நர்ஸ் சபீதா துடைத்து முடித்திருந்தார். உள்ளங்கை அளவு குழந்தை. சென்சர் அவர் விரலில் இருந்தது.

"ஒட்டாதீங்க!" முத்துராணி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். "பிள்ளைய அம்மா நெஞ்சோட போடுங்க. பைய, பைய."

பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஆறுமுகத்தாய் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். என்ன ஏது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்து அவள் அழ ஆரம்பித்தாள். முத்துராணி தரையில் உட்கார்ந்து திருத்தியதை ஏற்றினாள். வார்மர் மீண்டும் எரிந்தது. எண் முப்பத்தாறரையில் நின்றது.

"சரியாயிருச்சு மேடம். குழந்தையப் படுக்க வச்சிரலாமா?" என்றார் சபீதா.

முத்துராணி சென்சரைத் தன் இடது புறங்கையில் ஒட்டி, காலி மெத்தையில் கையை வைத்தாள். நூறு எண்ணினாள். பிய்த்தாள். மறுபடி ஒட்டினாள். நூறு எண்ணினாள். பத்துத் தடவைக்கு மேல் ஆனதும் தோல் உரிந்து சிவந்துவிட்டது.

"போதும்க்கா" என்றாள் ஆறுமுகத்தாய்.

"ஏளா, செத்த நேரம் இரு" என்றவள், சட்டையோரம் செருகியிருந்த அச்செடுத்த காகிதத்தை என்னிடம் நீட்டினாள். அதில் அவளே பேனாவால் நாலாம் அறையைச் சேர்த்திருந்தாள். "கீழ எத்தன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி."

"மூணு" என்றேன்.

"உள்ள?"

"மூணு."

அவள் தலையை ஆட்டினாள். சென்சரைப் பிய்த்து, சிவந்த இடத்திலேயே மறுபடி ஒட்டி, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.