தோட்டத்து அரை இஞ்சு போல்ட்

“…ரோட்டுமேல பழி போடாதலா தம்பி. ரோடு நல்லாத்தான் இருக்கு, உன் காடிதான் ஆடுது. ஓரமா நிப்பாட்டு.”

லெட்சுமி அக்கா சொல்லி முடிப்பதற்குள் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். பத்து காஜா ஊர் மருத்துவமனையில் அக்காவின் கண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டு கோப்பெங்குக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஸ்டீரிங்கில் லேசான நடுக்கம் இருந்தது உண்மைதான். டயர் பேலன்ஸ் போயிருக்கும், வேறொன்றுமில்லை. கொஞ்ச நாளாகவே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ‘கவுன்சில்காரன் ரோடு போட்ட லட்சணம்’ என்று சொல்லித் திரிந்தேன். என் சோம்பேறித்தனத்துக்கு ஒரு நல்ல ரோடு பலியாகிக் கொண்டிருந்தது.

ஆனால் அக்கா வாயில் ‘ஆடுது’ என்ற சொல் வந்தால் என் கால் தானாகப் பிரேக்கைத் தேடும். ஏனென்று சொல்ல வேண்டுமானால் அக்காவின் கணவர் செல்லையா அண்ணனிடம் போக வேண்டும். செல்லையா அண்ணனிடம் போக, ஒட்டுப்பால் வாடைக்குள் நுழைந்துதான் போக வேண்டும்.

ஒட்டுப்பால் வாடை உங்களுக்குத் தெரியுமா? கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கோட்டில் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்துச் சாக்கில் போட்டு வைப்பார்கள். நாலு நாள் போனால் செத்த எலியும் புளித்த தயிரும் கல்யாணம் கட்டிக்கொண்ட மாதிரி ஒரு வாடை வரும். ஆரம்பத்தில் மூக்கைப் பொத்துவோம், பிறகு அது வீட்டு வாடையாகிவிடும். செல்லையா அண்ணனின் நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்புக்குள் அந்த வாடைதான். முன்பு அதை வைத்திருந்தவர் ஒட்டுப்பால் வியாபாரி. அண்ணன் சோப்பு போட்டார், எலுமிச்சை தேய்த்தார், சாம்பிராணி போட்டார். கடைசியில் சாம்பிராணியும் ஒட்டுப்பாலும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு வாடை பிறந்ததுதான் மிச்சம். “விடுங்கலா, பழைய லயத்துல குந்திருக்கிற மாதிரி இருக்கு” என்று லெட்சுமி அக்கா சொன்ன பிறகு அண்ணன் கழுவுவதை விட்டுவிட்டார்.

அண்ணன் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். கித்தாவை வெட்டி எண்ணெய்ச் செம்பனை வைத்து, பிறகு தோட்டத்தையே விற்றபோது, எல்லாரும் தோட்டம் கொடுத்த லயத்து வீடுகளைக் காலி செய்துகொண்டு கோப்பெங்கில் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தார்கள். வரும்போது ஆளுக்கொரு சாமானைக் கையோடு எடுத்து வந்தார்கள். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிட அடிக்கும் தண்டவாளத் துண்டு ஒருவர் வீட்டில் இருந்தது. பால் நிறுக்கும் தராசு இன்னொருவர் வீட்டில் துணி காயப்போடத் தொங்கியது. செல்லையா அண்ணன் எடுத்து வந்தது டிராக்டர் கொட்டகையிலிருந்து ஒரு பால்மாவு டின் நிறைய போல்ட்டுகள்.

“வெள்ளக்காரன் போனான், வேல வாங்குன மண்டோர் போனாரு, கித்தா போச்சு. இந்த இரும்பு மட்டும் போவலலா” என்பார். அண்டை வீட்டில் நாற்காலி உடைந்தாலும், தண்ணீர்க் குழாய் தொங்கினாலும், அந்த டின்னைக் குலுக்கிக்கொண்டு வருவார். தோட்டத்து மனிதர்கள் எல்லார் வீட்டிலும் அந்தத் தோட்டம் ஒரு போல்ட் அளவுக்காவது இருந்தது.

எனக்கு அப்போது ஈப்போவில் சாமான் கடையில் கவுண்டர் வேலை. வண்டி சாமான் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அது வண்டியில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் கண்ணைத் திறந்தாலும் தெரியாது. அண்ணன் வீட்டுக்கு மேல்மாடியில் நான் குடியிருந்தேன்.

ஒருநாள் தோட்டத்தின் புதுச் சொந்தக்காரர்களிடமிருந்து சேதி வந்தது. வீடமைப்புக்கு நிலத்தைச் சமப்படுத்தப் போகிறார்கள். தோட்டத்து இடுகாடும் அதற்குள் வருகிறது. தீபாவளி கழிந்ததும் புல்டோசர் இறங்கும், யாருக்கு என்ன இருக்கிறதோ அதற்குள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

லெட்சுமி அக்காவுக்கு அங்கே இருந்தது அவருடைய தலைப்பிள்ளை.

பிறந்து பேர் வைப்பதற்குள் போய்விட்ட பெண் குழந்தை. பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை என்பதும் வழக்கம். அக்கா பிள்ளை பெற்ற உடம்போடு லயத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அண்ணன் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அதற்குப் பிறகு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்தை அக்கா ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை.

“நான் போயி எடுத்தாறேன்” என்றார் அண்ணன்.

“அன்னிக்கும் நீங்கதான் போனீங்க. இன்னிக்கு நான் வாரேன்.”

அவ்வளவுதான் பேச்சு.

இடுகாட்டுக்குப் போகும் செம்மண் பாதையைச் செம்பனை லாரிகளும் மழையும் தின்றுவிட்டிருந்தன. ஜீப்பைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகாது. புறப்பட்டார்கள். கோப்பெங் தாண்டி, பத்து காஜா ரோட்டில் சின்னப் பாலம் ஒன்று உண்டு. பாலமும் ரோடும் சேரும் இடத்தில் ஒரு தடுக்கல். அதில் முன்சக்கரம் ஏறி இறங்கியதும் ஜீப்புக்குப் பேய் பிடித்துவிட்டது. ஸ்டீரிங் அண்ணன் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு இடமும் வலமும் அடித்ததாம். முன்பக்கம் முழுக்க ஈரநாய் உடம்பை உதறுகிற மாதிரி உதறியதாம். பின்னால் மணல் லாரி ஆரன் அடிக்க, அண்ணன் பிரேக்கை மிதித்து, வண்டி ஏறக்குறைய நிற்கிற வேகத்துக்கு வந்த பிறகுதான் ஆட்டம் அடங்கியது. திரும்பி வந்துவிட்டார்கள். அக்காவின் முழங்கையில், கதவில் இடித்த இடம், நாவற்பழ நிறத்தில் கன்றியிருந்தது.

“மெதுவாப் போனா ஆடாது புள்ள. அடுத்த தடவ மெதுவாப் போலாம்.”

“பின்னால வர்ற லோரிக்கு யாரு சொல்றது?”

பிறகு ஆளாளுக்கு வைத்தியம். ஒருவர் டயர் என்றார். டயரை இடம் மாற்றி, பேலன்ஸ் செய்து ஓட்டினார்கள், ஆடியது. இன்னொருவர் ஸ்டீரிங் அப்சோர்பர் என்றார். ஆட்டத்தை உறிஞ்சிக்கொள்ளும் குழாய் மாதிரியான சாமான் அது. என் கடையிலிருந்தே புதிதாக வாங்கி மாட்டினார்கள். வண்டி பூனையாகிவிட்டது. அண்ணன் எல்லாருக்கும் தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதே பாலம், அதே உதறல், முன்னைவிட மோசம்.

அக்காதான் சொன்னார்: “அழுவுற பிள்ள வாயப் பொத்துனா சத்தம் நிக்கும். பசி நிக்குமாலா?”

எத்தனையோ மெக்கானிக்குகள் வாயால் நான் ஆட்டத்துக்கு விளக்கம் கேட்டிருக்கிறேன். இதற்கு மேல் ஒருவரும் சொன்னதில்லை. எங்கேயோ ஒரு மூட்டு தளர்ந்திருக்கிறது. அதைத் தேடாமல் ஆட்டத்தை மட்டும் அடக்கிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்குமாடிக்குப் பின்னால் தேடினோம். சக்கரம் நாலும் தரையிலேயே இருக்க வேண்டும், பாரம் இறங்கியிருந்தால்தான் தளர்ச்சி கைக்குத் தெரியும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீரிங்கைச் சின்னதாக இப்படியும் அப்படியும் அசைக்க வேண்டும். இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் அண்ணன் நுழைந்தார். டார்ச் பிடிக்க நான். டார்ச் எந்தத் தட்டில் இருந்தாலும் பிடிக்கத் தெரியும் எனக்கு. உள்ளே உட்கார ஆள் தேடியபோது, அக்கா சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர் அதுவரை ஸ்டீரிங்கைத் தொட்டதில்லை.

“இப்புடியா?”

“பெரிசா சுத்தாத. இங்கிட்டுக் கொஞ்சம், அங்கிட்டுக் கொஞ்சம். தொட்டில ஆட்டுற மாதிரி…”

அண்ணன் குரல் பாதியில் நின்றுவிட்டது. வண்டிக்கு அடியில் இருந்தவர் முகம் எனக்குத் தெரிந்தது, மேலே இருந்தவர் முகம் தெரியவில்லை. பிறகு சக்கரம் மெல்ல இங்கிட்டு வந்தது, மெல்ல அங்கிட்டுப் போனது. சீராக, அவசரமில்லாமல், கை பழகிய அசைவு.

சக்கரத்துப் பக்கம் இருந்த மூட்டுகளெல்லாம் கெட்டி. அண்ணன் கை நகர்ந்து நகர்ந்து, முன் அச்சையும் வண்டிச் சட்டத்தையும் குறுக்கே கட்டிப் பிடித்திருக்கும் கம்பிக்கு வந்தது. அச்சு இடவலமாக ஓடாமல் பிடித்து வைப்பது அந்தக் கம்பிதான். அது சட்டத்தோடு சேரும் முனையில் விரலை வைத்தார். ‘டொக்’ என்று ஒரு சின்னச் சத்தம். கம்பி முதலில் நகர்கிறது, அது நகர்ந்த பிறகுதான் சட்டம் அசைகிறது.

“நிப்பாட்டு” என்றார்.

“என்னண்ணே?”

“என் போல்ட்டுடா.”

அதற்கு முந்தின வருடம் அந்தக் கம்பி முனைக்கு ரப்பர் புஷ் வளையம் மாற்றியபோது, பழைய போல்ட் துருவில் இறுகி உடைந்துபோனதாம். அண்ணன் வழக்கம்போலத் தோட்டத்து டின்னைக் குலுக்கி, ஒன்றைப் பொறுக்கிப் போட்டிருக்கிறார். தோட்டத்து வண்டியெல்லாம் இங்கிலீஷ்காரன் வண்டி, இஞ்சுக் கணக்கு. ஜீப்போ ஜப்பான் வண்டி, மில்லிமீட்டர் கணக்கு. பதினாலு மில்லிமீட்டர் ஓட்டைக்குள் அரை இஞ்சு போல்ட் போயிருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இடைவெளி. முறுக்கி இறுக்கிய வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தது. மெல்ல மெல்லத் தளர்ந்து, ஓட்டையைத் தின்று, முட்டை வடிவமாக்கிவிட்டது.

“வழுக்கிக்கிட்டு உள்ள போச்சுடா” என்றார் அண்ணன், படுத்தபடியே. “எவ்வளவு லேசா போவுதுன்னு அன்னிக்குச் சந்தோசப்பட்டேன். பிள்ளயப் பாக்கப் போற காடியில நானே…”

மேலேயிருந்து அக்கா குரல் வந்தது. “அவுத்துப் போடுங்க. தோட்டத்து இரும்பு தோட்டத்துக் காடிக்குத்தான் சேரும். அதுக்கென்ன தெரியும் பாவம்.”

வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனோம். கடைக்காரச் சீனர் தடித்த தகடு இரண்டு வெட்டி, சரியான அளவில் துளை போட்டு, நைந்த ஓட்டையின் இருபக்கமும் வைத்துப் பற்றவைத்தார். புது புஷ், சரியான கனத்தில் புது போல்ட். அதை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கவில்லை. தரையில் இறக்கி, தன் பாரத்தில் தானே நிற்கும்போதுதான் இறுக்கினார். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் செத்துவிடுமாம். “சூடா, போலே ஜாலான்” என்று சட்டத்தில் ஒரு தட்டு தட்டினார். முடிந்தது, இனிப் போகலாம் என்று அர்த்தம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் போனோம். நான் பின்சீட்டில் மண்வெட்டியோடு. செம்பனைகளுக்கு நடுவே இடுகாடு காடாகிக் கிடந்தது. அண்ணன் தடுமாறாமல் நடந்தார். ஓரிடத்தில் புல்லை விலக்கினார். கித்தாப் பால் பிடிக்கும் பீங்கான் மங்குகள், கவிழ்த்து வைத்தவை, மண்ணில் பாதி புதைந்து சின்ன வட்டமாக இருந்தன. அன்றைக்கு அடையாளம் வைக்க அவர் கையில் கிடைத்தது அதுதான்.

அக்கா அழவில்லை. “தல எந்தப் பக்கம் வச்சீங்க?” என்று கேட்டார்.

அண்ணன் காட்டினார்.

ஆழமாகத் தோண்டியும் மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. அக்கா உட்கார்ந்து, தலைப்பக்கத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளிப் புதுத் துண்டில் முடிந்துகொண்டார்.

திரும்பும்போது பாலம் வந்தது. அண்ணன் வேகத்தைக் குறைத்தார்.

“மெதுவாப் போவாதீங்க” என்றார் அக்கா. மடியில் துண்டு முடிச்சு. “எப்பவும் போறாப்புல போங்க.”

அண்ணன் ஒரு தரம் அவரைப் பார்த்தார். காலை அழுத்தினார். தடுக்கலில் ‘தடக்’ என்று ஒரு சத்தம். ஸ்டீரிங் அவர் கையில் அசையாமல் நின்றது. நான் பின்னால் மூச்சு விட்டேன். மறுநாள் லூமுட் கடலில் மண்ணைக் கரைத்துவிட்டு வந்தார்கள்.

அதற்கப்புறம் எத்தனையோ வருடம் ஓடி, அந்தப் பாலத்தை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள், தடுக்கல் இல்லை. ஜீப்பை டுரியான் தோட்டக்காரர் ஒருவர் வாங்கிப் போனார், பிறகு இரும்புக்கடைக்குப் போனதாகக் கேள்வி. நான் வேலை பார்த்த கடை இப்போது கைப்பேசிக் கடை. செல்லையா அண்ணன் போய் நாலைந்து வருடமாகிறது. இடுகாடு இருந்த இடத்தில் வரிசை வீடுகள், வாசலுக்கு வாசல் கார், கம்பிவேலியில் காயும் பள்ளிக்கூடச் சட்டைகள். ஒட்டுப்பால் வாடை என்றால் என்னவென்று கேட்கிற பிள்ளைகள் அங்கே விளையாடுகிறார்கள்.

அக்கா நிப்பாட்டச் சொன்னதும், அந்த வீடுகளுக்கு எதிரேதான் நான் வண்டியை நிறுத்தியிருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. “டயர்தான்க்கா, நாளைக்கே பாத்துர்றேன்” என்றேன். அக்கா காதில் வாங்கவில்லை. மருந்து போட்ட கண்ணை மூடிக்கொண்டு, என் பக்கம் சாய்ந்து, கையை நீட்டி ஸ்டீரிங்கைப் பிடித்தார். இங்கிட்டுக் கொஞ்சம், அங்கிட்டுக் கொஞ்சம், மெதுவாக ஆட்டினார்.