சிவகாசிக் காலண்டரில் சிம்பொனி

மீரான் மகன் சாகுல் அமீது ஆகிய நான், வயது அறுபத்து மூன்று, எட்டாம் வகுப்போடு பள்ளியை முடித்து எஞ்சியவற்றையெல்லாம் தானே கற்றுத் தேர்ந்தவன், சிவகாசி அச்சகம் ஒன்றின் பிழை திருத்துநர், எழுதலுறுவது பின்வருமாறு. காலண்டர்த் தொழிலில் ராகுகாலம் அரை மணி பிசகினால் ஊரே கடிதம் போடும். முந்நூற்று அறுபத்தைந்து நாளும் சரியாக இருந்தால் ஒருவரும் ஒரு சொல் சொல்லார். இந்தத் துன்பத்தை அனுபவித்த அன்பர்கள் எங்கிருந்தாலும் இதனை வாசித்து ஆறுதல் அடைவார்களாக.

பொறுப்பு வந்த விதம்

மேல்நாட்டு இசை கற்பிக்கும் சென்னைப் பள்ளி ஒன்று, பன்னிரண்டு தாள் மாதக் காலண்டருக்கு ஆர்டர் கொடுத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் செழித்த செவ்வியல் காலத்து இசை வடிவங்களும் வாத்தியங்களும் தாளுக்கு ஒன்றாக வரவேண்டும். அந்தக் காலத்தில் இல்லாத பொருள் ஒன்றேனும் படத்தில் இருக்கலாகாது என்பது அவர்களது நிபந்தனை. மதுரைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய நூல்களையும் ஒலிநாடாக்களையும் கொண்டு இருபது ஆண்டுகள் அவ்விசையைப் பயின்றவன், இந்த அச்சகத்தில் மட்டுமன்று, விருதுநகர் மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான் என்று துணிந்து அறிவித்தேன்.

எங்கள் முதலாளி அப்போதுதான் பிழை திருத்தும் பணியையும் கணினியில் வடிவமைக்கும் செல்வியிடமே கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி பாய், நீங்களே பாருங்க. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருசத்து மாதிரிக் காலண்டர் ஆல்பம் போடுறோம். அன்னைக்கு அந்தப் பள்ளிக்கூடத்து அம்மா கையெழுத்துப் போட்டா நீங்க இதே ரூம்ல இருங்க. போடலேன்னா குடோன்ல போயி காலண்டர் கட்டு எண்ணிக்கிட்டு இருங்க."

பிறவாத வாத்தியம்

முதல் சோதனை செல்வியின் வடிவிலேயே வந்தது. நவம்பர்த் தாளில் பளபளவென்று ஒரு சாக்ஸபோன் படத்தை வைத்திருந்தாள். பொன்னிறம் அச்சில் எடுப்பாக இருக்கும் என்பது அவள் வாதம். செவ்வியல் காலம் முடிந்து ஒரு தலைமுறை கழிந்த பிறகே அந்த வாத்தியம் உலகில் தோன்றியது என்பதை நூல் ஆதாரத்துடன் கால் மணி நேரம் விளக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அப்ப பொறக்கலைன்னா என்ன பாய்? நம்ம காலண்டரு அடுத்த வருசத்துக்குத்தான போடுறோம்!"

தை மாதத்துக் கிளாரினெட்

எங்கள் தொழிலில் முதல் தாளில் கறுப்பு வரக்கூடாது. புத்தாண்டில் சுவரில் மாட்டும் படம் மங்கலமாக இருக்கவேண்டும் என்று ஏஜெண்டுகள் விடாப்பிடியாக நிற்பார்கள். ஜனவரிக்கு விதித்திருந்ததோ கிளாரினெட். வாத்தியக் குழுவுக்குள் கடைசியாக வந்து சேர்ந்த புதுமருமகள் அது. எங்கள் ஓவியர் ராமர் வழக்கத்தை மீறாதவர்; தெருவில் போகும் பேண்டு செட்டில் தாம் கண்ட கறுப்புக் குழலை எண்ணிப் பார்த்து, யாரையும் கேளாமல் அதற்குக் கிளிப்பச்சை பூசிவிட்டார்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். பிறகு நிதானித்து, அந்நாளில் அக்குழலை மஞ்சள் நிற மரத்தில் கடைந்தார்கள், ஆகவே தேன் நிறமே வரலாற்றுக்கும் பொருந்தும், தை மாதத்துக்கும் பொருந்தும் என்றேன். ராமர் தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு டப்பா பச்சை மிச்சம். வெள்ளக்காரனும் நம்ம ஏஜெண்டுகளக் கேட்டுத்தான் செஞ்சிருக்கான் போல!"

மெட்டும் அதன் மாறுபாடுகளும்

ஜூன் மாதத் தாளுக்கு நான் எழுதிய விளக்கத்தை இன்றும் மனப்பாடமாகச் சொல்வேன். 'சிறியதொரு மெட்டை முதலில் உள்ளவாறே இசைத்து, பின்னர் நடை மாற்றியும், அணி சேர்த்தும், துயரமாகவும் துள்ளலாகவும் அதனையே பன்முறை இசைக்கும் வடிவம் இது.' திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை ஒருவர் லேபிள் ஆர்டருக்காக வந்தவர், மேசையில் கிடந்த அதனை வாசித்தார். "இதுக்கா இம்புட்டு எழுத்து? ஒரே சரவெடி, பத்து லேபிளுன்னு போடுங்க பாய், எங்களுக்கு வெளங்கிரும்."

என் பிழை

பிறர் பிழைகளைச் சொன்னவன் என் பிழையையும் சொல்லவேண்டும். ஆகஸ்டுத் தாள், நரம்பு வாத்திய நால்வர் குழு: வயலின் இரண்டு, வியோலா ஒன்று, செல்லோ ஒன்று. விளக்கத்தில் ஒற்றுப்பிழைகூட இல்லை என்று உறுதி செய்து, படத்தையும் ஒரு நோட்டம் பார்த்து, ஒப்பமிட்டு அனுப்பினேன்.

மெஷின்மேன் அந்தோணி, தேவாலயத்தில் வயலின் வாசிப்பவர், சோதனைப் பிரதியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார். சாமி படங்களுக்குச் செய்வது போல, இரு பக்கமும் ஒத்திருக்கட்டும் என்று செல்வி ஒரு பக்கத்து ஆட்களைக் கணினியில் திருப்பி மறுபக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். விளைவு, இருவர் வலக்கையால் வில் பிடிக்க, இருவர் இடக்கையால் பிடித்திருந்தார்கள். செல்லோ இரண்டாகிவிட்டது, வியோலாவைக் காணோம். என் காது மடல் சுட்டது. அந்தோணி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மொதலாளி பாக்கல, பயப்படாதீக. ஆனா பாய், நீங்க எழுத்த மட்டுந்தான் பாப்பீகளோ?"

நிற்பதா, இருப்பதா

ஆடிப்பெருக்கு அன்று காலையில் பள்ளி முதல்வர் அம்மையார் வந்தார். திருத்தி அச்சிட்ட ஆகஸ்டு உட்படப் பதினொரு தாள்களைத் தலையசைத்தவாறே புரட்டினார். டிசம்பரில் சிம்பொனி வாத்தியக் குழு. அங்கே நின்றுவிட்டார். கைப்பையிலிருந்து தம் பள்ளி நிறுவனரின் புகைப்படத்தை எடுத்து வைத்து, "கோலோட நடுவுல நின்னு குழுவை நடத்துறவரைக் காணோமே? எங்க ஐயா முகத்தை அவருக்கு வைக்கலாம்னு கொண்டுவந்தேன்" என்றார். கடைக்காரர் தம் தந்தை படத்தைக் காலண்டர்த் தலைப்பில் போடுவதைப் போன்ற ஆசைதான் அது. ராமர் முதலில் அப்படி ஒருவரை வரைந்திருந்தார். அடித்துத் திருத்தியவன் நான்.

முதலாளி என்னைப் பார்த்தார். குடோனின் தூசி அப்போதே மூக்கில் ஏறியது. கோலை மீண்டும் வரைந்தால் கையெழுத்துக் கிடைத்துவிடும். ஆனால் அது பொய். "அம்மா, நிபந்தனை தங்களுடையது. அந்தக் காலத்தில் அவ்வாறு கோல் பிடித்து ஒருவர் நின்றதில்லை. முதல் வயலின்காரரோ, பியானோ முன் அமர்ந்தவரோ தாமும் வாசித்துக்கொண்டே குழுவை நடத்தினார்கள். இதோ, பியானோக்காரர் நம் படத்தின் நடுவில்தான் அமர்ந்திருக்கிறார். முகத்தை மாற்ற ராமருக்கு ஒரு மணி நேரம் போதும்" என்றேன்.

அம்மையார் படத்தையும் புகைப்படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திடீரென்று சிரித்தார். முதலாளியின் பேனாவையே வாங்கிக் கையெழுத்திட்டபடி சொன்னார்: "உக்காரட்டும் பாய், அதுதான் சரி. ஐயாவுக்குப் பத்து வருஷமா முழங்கால் வலி, நின்னா எங்க பிள்ளைங்களே நம்பாது."

இவ்வாறாக, முழங்கால் வலிக்காரர் ஒருவரைப் பியானோ முன் உட்காரவைத்த புண்ணியத்தால் நானும் என் அறையிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று தீர்மானமான நாள், விய வருடம் ஆடி மாதம் பதினெட்டாம் நாள், ஆங்கிலம் இரண்டாயிரத்து ஆறு ஆகஸ்டு மூன்று, வியாழக்கிழமை, ராகுகாலம் தொடங்குவதற்கு முன்.