வாசலில் நின்ற ஓடாத ஸ்கூட்டர்

சிவகாசியில் ஒருவர் காலண்டர் கடை வைத்திருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி, கையில் எந்நேரமும் மஞ்சள் துணி. கடை திறந்ததும், ஓடாத பழைய ஸ்கூட்டர் ஒன்றைத் தள்ளிவந்து வாசலுக்கு நேரே குறுக்காக நிறுத்தித் துடைப்பார். பேருந்து இருக்கையில் துண்டு போட்டு வைப்பார்களே, அது மாதிரி.

தீபாவளி சீசன். பட்டாசு வாங்க வந்த வெளியூர் வண்டிகள் தெருவை அடைத்திருந்தன. காலண்டர் வாங்கப் போன நான் காரோடு சுற்றிச் சுற்றி வந்து, எங்கேயோ நிறுத்திவிட்டு, வெயிலில் நடந்து வந்து கேட்டேன்.

"அண்ணாச்சி, அந்த ஸ்கூட்டர எடுத்திருந்தா நான் இங்கனயே நிப்பாட்டியிருப்பேன்ல?"

"எடுத்தா பட்டாசுக்கு வந்தவன் எவனாவது நிப்பாட்டிருவான். அப்புறம் நம்ம கஸ்டமரு எங்கன நிப்பாட்டுவாக?"

"நான்தான உங்க கஸ்டமரு?"

"நீங்கதான் வந்துட்டீகளே. இனிமே வர்றவுகளுக்கு வேணும்ல?"

அதற்குள் இன்னொருவர் வியர்வை வழியப் படியேறினார். கடைக்காரர் பதறிப்போனார். "அடடா, நடந்தா வாறீக? உங்களுக்காகத்தான இடம் பிடிச்சு வச்சிருக்கேன்!"

அந்த அக்கறையில் துளியும் பொய்யில்லை. அதனால்தான் என் ஆத்திரம் இன்னும் தீரவில்லை.