செருப்பு விட்ட இடம்

மாலை நான்கு பத்துக்கு மகளைக் காணவில்லை. அலுவலக வேலையாகக் கனடாவின் மொன்றியல் நகரத்துக்கு வந்த நான், பள்ளி விடுமுறை என்று பன்னிரண்டு வயது யாழினியையும் அழைத்து வந்திருக்கிறேன். பழைய நகரத்தின் கல் பாவிய தெருவில் தேவாலயத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்புகிறேன், அவள் இல்லை. அவளிடம் போனும் இல்லை. பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடுகிறேன்.

டாக்சி ஒன்று பக்கத்தில் நிற்கிறது. ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளையைத் துலைச்சுப்போட்டியளோ தங்கச்சி? துலைஞ்சா எங்க நிக்கச் சொன்னனீங்கள்?"

"செருப்பு விட்ட எடத்துல."

மதுரைக் கோயில் கூட்டத்தில் அம்மா எனக்குச் சொன்னது அது; நான் யாழினிக்கும் அதையே சொல்லிவைத்திருக்கிறேன். ஒருமுறை கோபுரத்தடியில் எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றேன். அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஆனா இங்க யாருண்ணே செருப்பக் கழட்டுறா?"

"நீங்கள் கழட்டேல்லையோ?"

கழற்றினேன். மதியம், கால்வலி தாங்காமல், ஆற்றோர பெஞ்சில்.

அவரே அங்கே கொண்டுபோய் விடுகிறார். அதே பெஞ்சில் யாழினி உட்கார்ந்திருக்கிறாள். அழுது கண் சிவந்திருக்கிறது. மூச்சிரைக்க ஓடிப்போய் அணைத்துக்கொள்கிறேன்.

"ரூல் போட்டவங்களே இவ்ளோ லேட்டா வரலாமாம்மா?" என்கிறாள்.